கல்லூரி குவாட்டர்பேக்கின் ஆட்டத்தில் எதைத் தேட வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாத டிராஃப்டுக்காக ஆண்டு முழுவதும் ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பார்த்தும் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கின் தேர்வில் ஏன் திரும்பத் திரும்பத் தவறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கல்லூரி ஆட்டக்காரரின் ஒளிப்பதிவை நாமே உட்கார்ந்து பார்த்தால் அதில் எதைத் தேட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. பந்து கையை விட்டுப் புறப்பட்ட பிறகு அது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழகாகப் போகிறது என்பதைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். பந்து இன்னும் கையில் இருக்கும் அந்த இரண்டரை, மூன்று விநாடிகளில் அவர் என்ன பார்த்தார், எதை மறுத்தார், ஏன் அங்கே எறிந்தார் என்பதைப் பார்ப்பதுதான் மதிப்பீடு. அந்த விநாடிகளைக் கல்லூரி ஆட்டம் பெரும்பாலும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

இதற்கு 1998ஆம் ஆண்டு டிராஃப்டை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங்கும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரயன் லீஃபும் கிட்டத்தட்டச் சமமான தட்டில் வைக்கப்பட்டிருந்தார்கள். லீஃபின் கை வலிமை மேனிங்கினுடையதை விடக் கூடுதல் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. 67 ஆண்டுகளுக்குப் பிறகு தம் பல்கலைக்கழகத்தை ரோஸ் பௌல் என்னும் புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டு சென்றவர் அவர். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் பொது மேலாளர் பில் போலியன் முதல் இடத்தில் மேனிங்கைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாம் இடத்தில் இருந்த சான் டியாகோ சார்ஜர்ஸ், ஒரே ஒரு படி மேலே ஏறுவதற்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பு உட்படப் பலவற்றை விட்டுக்கொடுத்து, இரண்டாம் இடத்தில் லீஃபை எடுத்தது.

முதல் ஆண்டின் எண்களை மட்டும் பார்த்தால் மேனிங்கும் தோற்றவராகத்தான் தெரிவார். அவர் 28 இன்டர்செப்ஷன்களை, அதாவது எதிரணியினர் பிடித்துவிட்ட பந்துகளை, எறிந்தார்; அவருடைய அணி 16 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. ஆனால் அடுத்த ஆண்டே அதே அணி 13 ஆட்டங்களை வென்றது. லீஃப் முதல் ஆண்டில் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெற்றுத்தரும் டச்டவுன்கள் 2உம் 15 இன்டர்செப்ஷன்களும் எறிந்தார், என்.எஃப்.எல்.லில் தொடக்க ஆட்டக்காரராக அவர் இறங்கிய 21 ஆட்டங்களில் வெற்றி கிடைத்தது நான்கில்தான். மேனிங் தாம் செய்த பிழையை அடுத்த வாரத்துக்கான பாடமாக எடுத்துக்கொண்டார். லீஃபுக்கோ பிழையைத் தாங்கிக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. இந்த வேறுபாடு கை வலிமையை அளக்கும் எந்தக் கருவியிலும் பதிவாகாது.

கல்லூரி ஆட்டம் எப்படி மறைக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒளிப்பதிவைப் பார்ப்பவர் முதலில் கழிக்க வேண்டியதை அறிந்திருக்க வேண்டும். இரண்டு நிலைகளிலும் ஆடுகளத்தின் அகலம் ஒன்றே, 160 அடி. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துண்டும் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் உட்கோடுகளுக்கு இடையிலான தூரம் கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. எனவே கல்லூரியில் பந்து ஒரு கோட்டருகே வைக்கப்பட்டால் ஒரு பக்கத்தில் 60 அடியும் மறுபக்கத்தில் 100 அடியும் கிடக்கும். அந்த அகன்ற வெளியில் எறியும் பந்தைப் பிடிப்பவரான ரிசீவர் ஒருவரை வேகமாக ஓடவிட்டால் தடுப்பவர்கள் பிரிந்து போவார்கள். எறிபவருக்கு முன்னால் வாசல் தானாகத் திறக்கும். தொழில்முறை ஆட்டத்தில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கும். அந்த வாசல் அங்கே இல்லை. குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக் காவலர்கள் பந்து எறியப்படும் முன் எவ்வளவு தூரம் முன்னேறலாம் என்பதிலும் வேறுபாடு உண்டு: கல்லூரியில் மூன்று கஜம், என்.எஃப்.எல்.லில் ஒரு கஜம். ஓட்டமா, எறிதலா என்பதை ஒரே ஒரு தடுப்பாளரின் அசைவை வைத்துக் கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்.பி.ஓ. ஆட்டங்கள் கல்லூரியில் இவ்வளவு எளிதாக ஓடுவதற்கு இந்த இரண்டு கஜம் ஒரு முக்கியக் காரணம்.

இவற்றோடு பயிற்சியாளரின் உதவியும் சேர்கிறது. பல கல்லூரி அணிகளில் குவாட்டர்பேக் எதிரணி நிற்கும் விதத்தைத் தாமே படிப்பதில்லை. அனைவரும் வரிசையில் நின்ற பிறகு களத்தின் ஓரத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அங்கிருந்து பயிற்சியாளர் எதிரணியைப் படித்துப் புதிய ஆணையைச் சைகையால் அனுப்புகிறார். என்.எஃப்.எல்.லில் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் பயிற்சியாளரின் குரல், அடுத்த ஆட்டத்துண்டைத் தொடங்கக் கொடுக்கப்படும் நேரத்தில் 15 விநாடி மிஞ்சியிருக்கும்போது அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறினால், கூடுதல் ஆட்களோடு பாயும் பிளிட்ஸ் வருவதுபோல் நடித்துப் பின்வாங்கினால், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் குவாட்டர்பேக் ஒருவரே. அவர் அதைக் கல்லூரியில் செய்தே இராவிட்டால், செய்ய முடியுமா என்பதற்கு ஒளிப்பதிவில் சான்று இருக்காது.

ஆகவே ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் கணக்கு இங்கே செல்லாது. பக்கவாட்டில் நிற்கும் ரிசீவருக்கு உடனே தட்டிவிடும் குறும்பாஸ்கள், முதலில் பார்த்த ஆளே தனியாக நிற்கும் ஆட்டங்கள், பலவீனமான எதிரணியைப் பெரிய அணி நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்ற பிற்பகல்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால், ஒரு முழுப் பருவத்தில் மிஞ்சுவது சில டஜன் ஆட்டத்துண்டுகள்தான். பத்துக் கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் எட்டுக் கஜத்துக்கு மேல் தேவைப்படும் தருணங்கள், முதல் தேர்வை எதிரணி மூடிவிட்ட ஆட்டங்கள், காவல் உடைந்து ஒருவர் முகத்துக்கு நேரே வரும் ஆட்டங்கள். நான் இவற்றைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அதுவும் தொலைக்காட்சிப் படத்தில் அல்ல. 22 பேரும் ஒரே சட்டத்தில் தெரியும் பயிற்சியாளர்களின் உயரக் கோணப் படத்தில். தொலைக்காட்சிக் கேமரா பந்தையே பின்தொடர்வதால், களத்தின் மறுகோடியில் யார் தனியாக நின்றார், குவாட்டர்பேக் அவரைப் பார்த்தாரா, பார்க்கவே இல்லையா என்பது அதில் தெரியாமல் போகும்.

அந்தப் படத்தில் முதலில் கால்களைப் பாருங்கள், பிறகு தலைக்கவசத்தின் திசையைப் பாருங்கள். நல்லவர்களின் கால்கள் கண்ணோடு சேர்ந்து திரும்பும். முதல் ஆளிலிருந்து இரண்டாம் ஆளுக்குப் பார்வை நகரும்போதே பாதமும் நகர்ந்து எறிதலுக்கு ஆயத்தமாகிவிடும். நெருக்கடி வரும்போது, காவலர்கள் சூழ்ந்து காக்கும் இடமான பாக்கெட்டுக்குள் அரையடி முன்னேறியோ விலகியோ பார்வையைக் களத்தின் ஆழத்திலேயே நிறுத்துபவர் ஒரு வகை. தம்மை நோக்கி வரும் தடுப்பாளரைப் பார்க்கத் தொடங்கிவிடுபவர் மறுவகை. இரண்டாம் வகையினருக்குக் கல்லூரியில் ஓடித் தப்பும் வேகம் இருக்கும், அதனால் அந்த ஆட்டங்கள் அழகாகவும் தோன்றும். என்.எஃப்.எல்.லில் அவர்களைத் துரத்துபவர்களும் அதே வேகத்தில் ஓடுவார்கள் என்பதுதான் தொல்லை.

எண்களில் நான் முதலில் தேடுவது, நெருக்கடிக்கு உள்ளான ஆட்டத்துண்டுகளில் எத்தனை பங்கு சாக்காக, அதாவது எறியும் முன்பே அவர் வீழ்த்தப்படுவதாக, முடிந்தது என்பதை. சாக் என்பது முழுக்க முழுக்கக் காவலர்களின் குற்றம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. காவல் மிக மோசமாக இருந்தால் யாராலும் தப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பந்தை எப்போது கைவிடுவது என்ற உணர்வு எறிபவரோடு ஒட்டிக்கொண்டே வரும் பண்பு. காவலர்கள் மாறினாலும், அணி மாறினாலும், கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குப் போனாலும் அது எளிதில் மாறுவதில்லை. இன்டர்செப்ஷன் எண்ணிக்கையை நான் அவ்வளவு நம்புவதில்லை. ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்ததும் அதில் ஒன்று, கண்ணெதிரே நின்ற தடுப்பாளரைக் காணாமல் எறிந்ததும் ஒன்று. தடுப்பாளர் கைதவறவிட்டதால் எண்ணிக்கையில் சேராமல் போன மோசமான எறிதல்களையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

துல்லியத்தைப் பற்றிப் பேசினால் ஜாஷ் ஆலனின் பெயர் வராமல் இருக்காது. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவருடைய பாஸ்களில் 56.2 விழுக்காடுதான் சரியாகச் சேர்ந்தன. இப்படிப்பட்ட எண்ணோடு வந்தவர்கள் தொழில்முறையில் பெரும்பாலும் தேறவில்லை என்பதால், 2018இல் பஃபலோ பில்ஸ் அவரை ஏழாம் இடத்தில் எடுத்தபோது எண்களை வைத்துப் பேசியவர்கள் எதிர்த்தார்கள். முதல் ஆண்டில் 52.8, இரண்டாம் ஆண்டில் 58.8, மூன்றாம் ஆண்டில் 69.2 என்று அவர் ஏறினார். 2024 பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். எதிர்த்தவர்கள் தவறாகப் பேசியதாக நான் கருதவில்லை. அவர்கள் கையில் இருந்த சான்றுக்கு அதுவே நியாயமான முடிவு. ஆலன் தம் எறியும் அசைவையே உடைத்துத் திரும்பக் கட்டினார். அணி அவருக்குப் பொறுமையான பயிற்சியையும், 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்னும் உயர்தர ரிசீவரையும் கொடுத்தது. இத்தனையும் ஒருங்கே கூடிவருவது அரிது. ஆலனைக் காட்டி, துல்லியம் குறைந்த ஒவ்வொரு வலிய கையையும் அடுத்த ஆலன் என்று சொல்லும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மறுபக்கத்தில், 2019இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 76.3 விழுக்காட்டுத் துல்லியத்தோடு 60 டச்டவுன் பாஸ்கள் எறிந்த ஜோ பர்ரோவை மதிப்பிட யாருக்கும் பெரிய கண் தேவைப்படவில்லை.

கை வலிமைக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு. அதைத் தாண்டிய பிறகு கூடுதல் வலிமை தரும் பயன் மிகச் சிறிது. 2007இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் இடத்தில் எடுத்த ஜமார்கஸ் ரஸலைப் போல எறியும் ஆற்றல் கொண்டவர்கள் அரிதாகவே வந்திருக்கிறார்கள். அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 25 ஆட்டங்களில் ஏழில் மட்டுமே அணி வென்றது. மூன்றே பருவங்களில் அவருடைய தொழில்முறை வாழ்க்கை முடிந்தது. பல்கலைக்கழகங்களில் டிராஃப்டுக்கு முன் நடக்கும் செயல்விளக்க நாள்களை நான் மதிப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. எதிரில் யாரும் இல்லாமல், முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வரிசையில், அரைக்கால் சட்டையோடு எறியும் பந்து எதையும் நிரூபிப்பதில்லை. டெடி பிரிட்ஜ்வாட்டர் 2014இல் அப்படி ஒரு நாளில் வழக்கமான கையுறை இல்லாமல் எறிந்து தடுமாறினார்; முதல் சுற்றின் கடைசி இடமான 32 வரை சரிந்தார். அடுத்த ஆண்டே மினசோட்டா வைக்கிங்ஸுக்கு 11 வெற்றிகள் பெற்றுத் தந்தார்.

உடல் அளவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்னும் சோதனை முகாமில், நாம் சாண் என்று சொல்லும் அளவைக்கூட அங்குலத்தின் பின்னங்கள் வரை அளக்கிறார்கள். எட்டரை அங்குலச் சாண் கொண்ட கென்னி பிக்கெட்டைப் பிட்ஸ்பர்க் 2022இல் 20ஆம் இடத்தில் எடுத்து இரண்டே பருவங்களில் அனுப்பிவிட்டது. ஆனால் அவர் தடுமாறியது ஆட்டத்தைப் படிப்பதில்தானே தவிர, பந்தைப் பிடிப்பதில் அல்ல. எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவாட்டர்பேக்காகப் பலர் கருதும் டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு முன் ஆறு குவாட்டர்பேக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 199ஆம் இடத்தில்தான் அவர் பெயர் வந்தது. பின்னாளில் பெரும் வெற்றி கண்டவர்களான இருவரில், ஆறடி உயரத்தால் ட்ரூ பிரீஸ் இரண்டாம் சுற்றுக்கும், அதைவிடக் குறைந்த உயரத்தால் ரசல் வில்சன் மூன்றாம் சுற்றுக்கும் தள்ளப்பட்டார்கள். உயரம் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. குட்டையானவர் மற்றவற்றில் மிகச் சிறந்தவராக இருந்தாக வேண்டும். ஆனால் அந்த மற்றவற்றுக்குத்தான் எடை கொடுக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வுகளும் இப்படித்தான். 12 நிமிடத்தில் 50 கேள்விகளைக் கொண்ட வொண்டர்லிக் தேர்வைக் கம்பைனிலிருந்து 2022இல் நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்தைப் பிடித்த எஸ்2 என்னும் அறிதிறன் சோதனையில் சி.ஜே. ஸ்ட்ரௌட் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதாக 2023 டிராஃப்டுக்கு முன் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் அவரை இரண்டாம் இடத்தில் எடுத்தது. முதல் பருவத்திலேயே 23 டச்டவுன்களும் ஐந்தே ஐந்து இன்டர்செப்ஷன்களும் எறிந்து, தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுக விருதை அவர் பெற்றார். ஓர் இளைஞரின் சோதனை மதிப்பெண் பொதுவெளியில் கசியவிடப்பட்டதை நான் அநீதியாகவே பார்க்கிறேன்.

அனுபவம் இவற்றைவிட மதிக்கத்தக்க அளவுகோல், ஏனென்றால் நிறைய ஆட்டங்கள் இருந்தால்தான் நான் மேலே சொன்ன கடினமான தருணங்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கும். 1999இல் ஆக்கிலி ஸ்மித் 11 ஆட்டங்களைத் தொடங்கிய அனுபவத்தோடு மூன்றாம் இடத்திலும், 2017இல் மிட்ச் ட்ரூபிஸ்கி 13 ஆட்டங்களைத் தொடங்கிய அனுபவத்தோடு இரண்டாம் இடத்திலும் எடுக்கப்பட்டார்கள். இருவருக்கும் கொடுத்த விலைக்கு ஈடான பலன் கிடைக்கவில்லை. அதே 2017இல் கான்சஸ் சிட்டி 27ஆம் இடத்திலிருந்து பத்துக்கு ஏறி எடுத்த, பின்னாளில் லீக்கின் முன்னணிக் குவாட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ், டெக்சஸ் டெக் அணியில் தோல்விகளுக்கு நடுவே ஆடியவர். ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 கஜம் எறிந்தும் 66-59 என்று தோற்ற ஆட்டம் அதில் ஒன்று. அணி தோற்றதையும், பந்தைச் சரமாரியாக எறியும் அவர்களுடைய ஆட்டமுறையையும் பார்த்தவர்கள் தயங்கினார்கள். முதல் திட்டம் உடைந்த ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தவர்களுக்கு, அவர் உடலின் சமநிலை குலைந்த நிலையிலும் பார்வையைத் தாழ்த்தாதது தெரிந்திருக்கும். ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடிய பிராக் பர்டி 2022இல் டிராஃப்டின் கடைசித் தேர்வாக, 262ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு, சான் பிரான்சிஸ்கோவைச் சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றதற்கும் இந்த அனுபவம் துணை நின்றது.

இவ்வளவையும் சரியாகப் பார்த்தாலும் பதில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அவரை எடுக்கும் அணியிடம் இருக்கிறது. 2005இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட அலெக்ஸ் ஸ்மித், சான் பிரான்சிஸ்கோவில் தாக்குதல் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருக்க, ஆண்டுதோறும் புதிய ஆட்டமொழியைக் கற்றார். அதே டிராஃப்டில் 24ஆம் இடத்துக்குச் சரிந்து, பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரான ஆரன் ராட்ஜர்ஸ், தம் அணியின் மூத்த குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் அமர்ந்து கற்றார். 2011இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும் அதே ஸ்மித் அணியை 13 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றார். டேவிட் கார் 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணியில் ஒரே பருவத்தில் 76 முறை சாக் செய்யப்பட்டார். இன்றுவரை அது லீக் சாதனை. பிறகு எவ்வளவு நல்ல காவல் கிடைத்தாலும் அப்படி அடிபட்டவரின் கண் களத்தின் ஆழத்துக்குத் திரும்பி வருவது கடினம். 2023இல் பிரைஸ் யங்குக்காகக் கரோலினா ஏறிய விலையில் அணியின் முதன்மை ரிசீவர் டி.ஜே. மூரும் அடங்குவார். புதிய குவாட்டர்பேக் யாருக்கு எறிந்திருக்க வேண்டுமோ அவரையே கொடுத்துத்தான் அவரை வாங்கினார்கள். யங் தொடங்கிய 16 ஆட்டங்களில் அந்த ஆண்டு இரண்டே வெற்றிகள்.

பொறுமை குறைந்ததற்குப் பணமும் காரணம். 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதி செய்யப்பட்டது. 2011இன் புதிய ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான் கிடைத்தது. மலிவான நான்கு ஆண்டுகளையும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில், இன்று பெரும்பாலான அணிகள் முதல் சுற்றுக் குவாட்டர்பேக்கை முதல் ஆண்டிலேயே களத்தில் இறக்குகின்றன. ராட்ஜர்ஸுக்குக் கிடைத்த மூன்று ஆண்டுகள் இனி அரிதாகவே யாருக்கும் கிடைக்கும்.

தேர்ந்த கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதை அதே பில் போலியனிடம் காணலாம். 1998இல் மேனிங்கைச் சரியாகக் கண்டவர், 2018இல் லமார் ஜாக்சன் ரிசீவராக ஆடினால்தான் நல்லது என்றார். ஜாக்சன் 32ஆம் இடத்தில் பால்டிமோருக்குப் போனார்; அந்த அணி அவருடைய ஓட்டத்தை மையமாக வைத்துத் தாக்குதலையே மாற்றி அமைத்தது; 2019இல் ஒரு வாக்குகூடக் குறையாமல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராக அவர் தேர்வானார். போலியன் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே டிராஃப்டில் மூன்றாம் இடத்தில் நியூயார்க் ஜெட்ஸ் எடுத்த சாம் டார்னல்ட், அங்கும் கரோலினாவிலும் தோற்றவராக எழுதப்பட்டு, சான் பிரான்சிஸ்கோவில் மாற்று ஆட்டக்காரராக ஓராண்டு அமர்ந்தார். பிறகு 2024இல் மினசோட்டாவுக்காக 35 டச்டவுன்கள் எறிந்து 14 வெற்றிகள் பெற்றார். 2018இல் அவரிடம் கண்ட கையும் கண்ணும் ஆறு ஆண்டுகளும் அவரிடமேதான் இருந்தன. மினசோட்டாவில் அவருக்குக் கிடைத்தது ஜஸ்டின் ஜெஃபர்சன் என்னும் ரிசீவரும், குவாட்டர்பேக்காக ஆடிப் பழகிய கெவின் ஓ'கானல் என்னும் பயிற்சியாளரும்.